வோல்ட், ஆம்பியர் இரண்டையும் வைத்து வீட்டு மின்கோளாறைக் கண்டுபிடிப்பது

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பள்ளிக்கூடப் பாடம் இதோடு முடிந்துவிடுகிறது. கோளாறு தேடுபவருக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. கணக்கில் வரும் எண் ஒன்றாகவும் சாதனத்தின் பெயர்ப்பட்டையில் பொறித்திருக்கும் எண் வேறாகவும் இருந்தால், அந்த வேறுபாடு எங்கோ தளர்ந்து கிடக்கும் ஸ்குருவையோ, மெலிந்த ஒயரையோ, தவறாகப் பிடித்த மீட்டரையோ காட்டிக்கொடுக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள் கையில் இருக்கட்டும். எல்லாம் 230 வோல்ட்டுக்கு: 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை 53 ஓம். 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு 6.5 ஆம்பியர், 35 ஓம். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர், 26.5 ஓம். பட்டையில் வாட் மட்டும் இருந்தால், 230ஐ 230ஆல் பெருக்கி (52,900) வாட்டால் வகுங்கள்; ஓம் வந்துவிடும். ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இரண்டு நிபந்தனைகள். மின்தடையை மீட்டரால் அளப்பதென்றால் சாதனம் சாக்கெட்டிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியரையும் அளப்பதென்றால் சாதனம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளாக இருக்க வேண்டும். காலையில் பார்த்த வோல்ட்டையும் மாலையில் பார்த்த ஆம்பியரையும் பெருக்கிக் கிடைப்பது எந்த நேரத்து மின்திறனும் அல்ல. ஸ்விட்ச் போர்டைத் திறந்து உயிருள்ள ஒயரில் அளப்பது பழகியவர் வேலை. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, கீழே உள்ள எண்களை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: கீசரில் தண்ணீர் சூடாக முன்பைவிட அதிக நேரமாகிறது

முதலில், எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று தெரிந்துகொள்வோம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 22 லட்சம் ஜூல் தேவை. 2000 வாட் கீசர் நொடிக்கு 2000 ஜூல் தரும். ஆக 1100 நொடி, அதாவது 18 நிமிடம் சொச்சம். உங்கள் கீசர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் அதில் கோளாறு இல்லை, பொறுமையில்தான் குறை.

அரை மணி நேரம் எடுத்தால், கீசர் செருகியிருக்கும் சாக்கெட்டில் வோல்ட்டை இரண்டு முறை பாருங்கள். கீசர் அணைந்திருக்கும்போது ஒன்று, எரியும்போது ஒன்று. இந்த இரண்டு எண்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அணைந்திருக்கும்போதே 180 வோல்ட் என்றால், குறை வீட்டுக்கு வெளியே இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கே பலர் தவறுவது எங்கே என்றால், 180 என்பது 230இல் 78 சதவீதம்தானே, சூடும் 78 சதவீதம் இருக்கும் என்று நினைப்பதில். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது. இரண்டும் சேர்ந்து மின்திறனை இறக்குகின்றன. 180ஐ 180ஆல் பெருக்கி 26.5 ஓமால் வகுத்தால் 1223 வாட்தான் வருகிறது, 61 சதவீதம். பதினெட்டு நிமிட வேலை முப்பது நிமிடமாவதற்கு அதுவே போதும். கீசருக்கு ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். சூடேற்றும் கம்பிக்கு லோ வோல்டேஜால் கெடுதல் எதுவும் இல்லை, தாமதம் மட்டும்தான். அந்தப் பணத்தை ஃபிரிட்ஜுக்குச் செலவழிக்கலாம்.

அணைந்திருக்கும்போது 230, எரியும்போது 212 என்றால் கதை வேறு. கிளாம்ப் மீட்டரில் (ஒயரைத் தாடையால் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கருவி) 8 ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 18ஐ 8ஆல் வகுத்தால் 2.25 ஓம். கீசருக்கு வந்து சேரும் பாதையின் மின்தடை அது. அங்கே வீணாகும் மின்திறன் 18 பெருக்கல் 8, அதாவது 144 வாட். கீசருக்குக் கிடைப்பது 1700 வாட்தான்.

இனி, அந்த 2.25 ஓமில் ஒயரின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். மெயின் போர்டிலிருந்து குளியலறை 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டர். அரை ஓமுக்குள் முடிந்துவிடும். (கீசருக்கு 1.5 ஒயர் போட்டதே சரியில்லை, 2.5 போட்டிருந்தால் 0.3 ஓம்தான். அது தனிப் பஞ்சாயத்து.) மீதி 1.75 ஓம் ஒயருக்குள் பரவிக் கிடக்கவில்லை. ஏதோ ஒரு இணைப்பில், ஒரு ஸ்குருவின் அடியில், ஒரு நிலக்கடலை அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் 112 வாட் சூடு. தண்ணீர் தாமதமாகச் சூடாகிறது என்ற புகார், உண்மையில் சுவருக்குள் ஒரு மூலை தீய்ந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி. இந்த எண் கிடைத்த பிறகு கீசரைப் போடாதீர்கள்.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க, எலெக்ட்ரீஷியன் கீசரைச் சில நொடி ஓடவிட்டு மெயின் போர்டிலும் அளந்து பார்க்கட்டும். அங்கே 230இலிருந்து 228க்குத்தான் இறங்குகிறது என்றால் வீட்டுக்குள்தான் கோளாறு: எம்.சி.பி. (ஓட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டெர்மினல், ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, சாக்கெட்டின் பின்புறம். மெயின் போர்டிலேயே 214 என்று விழுந்தால் கோளாறு மீட்டருக்கு முன்னால். சர்வீஸ் ஒயரிலோ கம்பத்து இணைப்பிலோ இருக்கிறது. மின்வாரியத்தில் புகார் கொடுக்கும்போது “வோல்டேஜ் சரியில்லை” என்று சொல்லாமல் “8 ஆம்பியர் போட்டால் 16 வோல்ட் இறங்குகிறது” என்று சொல்லிப் பாருங்கள். லைன்மேன் எதைப் பார்க்க வேண்டும் என்று உடனே தெரிந்துகொள்வார்.

வோல்ட் 228, ஆம்பியர் 8.6, ஆனாலும் தாமதம் என்றால் மின்சாரத்தின் மேல் பழி போட முடியாது. உப்புத் தண்ணீர் ஊர்களில் கம்பியின் மேல் சுண்ணாம்புப் படிவம் தடிமனாக ஏறியிருக்கும். அது மின்திறனைக் குறைப்பதில்லை. கம்பி அதே வாட்டைத்தான் இழுக்கிறது. ஆனால் சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தானே வேகிறது, ஒருநாள் வெந்தே போகிறது. தெர்மோஸ்டாட் முன்கூட்டியே துண்டித்துவிடுவதும் இதே நிலையில் நடக்கும். கிளாம்ப் மீட்டரைப் பத்து நிமிடம் கவனித்தால் 8.6 நடுநடுவே சுழியத்துக்குப் போய் வருவது தெரியும்.

அறிகுறி: பிளக் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறுகிறது

இதுவும் மேலே சொன்னதன் தம்பிதான். ஆனால் இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மின்தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா? கீசர் கம்பியின் மின்தடை கூடினால் சூடு குறைகிறது. சாக்கெட்டின் மின்தடை கூடினால் சூடு கூடுகிறது. இரண்டும் சரி.

கீசர் கம்பியின் இரு முனைக்கும் ஏறத்தாழ முழு 230 வோல்ட் கிடைக்கிறது. அந்த வோல்ட் மாறாது. மின்தடை கூடினால் ஓட்டம் குறையும், வாட் குறையும். சாக்கெட்டின் தொடுமுனையோ கீசரோடு வரிசையில் நிற்கிறது. அதன் வழியே எத்தனை ஆம்பியர் போக வேண்டும் என்பதைக் கீசர் தீர்மானிக்கிறது. அங்கே மாறாதது ஆம்பியர். ஆகவே ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதை மின்தடையால் பெருக்க வேண்டும். எந்தச் சூத்திரம் எங்கே என்பதில் தடுமாறினால், இந்த இடத்தில் மாறாமல் நிற்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

0.3 ஓம் உள்ள தளர்ந்த சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் 5.7 வாட் சூடு. கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். அதே சாக்கெட்டில் 1500 வாட் ராடைச் செருகினால் 12.7 வாட். கீசரைச் செருகினால் 22.7 வாட். சாதனத்தின் வாட் இரண்டு மடங்கானால் சாக்கெட்டின் சூடு நான்கு மடங்காகிறது. 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் வைத்து 16 ஆம்பியர் பிளக்கைச் செருகும் வழக்கம் ஏன் கருகலில் முடிகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பழுப்பேறிய சாக்கெட்டைச் சுரண்டித் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது. சூடு பட்ட பித்தளைத் தகடு தன் பிடிப்பை இழந்துவிடும். புதிதுதான் போட வேண்டும். பிளக்கின் முள்ளும் கருத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பழைய முள் புதிய சாக்கெட்டைக் கெடுக்கும்.

அறிகுறி: எம்.சி.பி. டிரிப் ஆகிறது

போட்டவுடன் டிரிப் ஆனால் ஷார்ட். பதினைந்து, இருபது நிமிடம் கழித்து ஆனால் பெரும்பாலும் சுமை அதிகம். கீசர் 8.7, இஸ்திரிப் பெட்டி 4.35, கெட்டில் 6.5 எல்லாம் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் இருந்தால் கூட்டுத்தொகை 19.5க்கு மேல். அது உடனே துண்டிக்கப்பட வேண்டிய அளவு அல்ல. உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை மெதுவாகச் சூடேறி வளைந்து துண்டிக்கிறது. 16ஐக் கழற்றி 32 போடுவது தீர்வு அல்ல. எம்.சி.பி. காப்பது ஒயரை, ஒயரை மாற்றாமல் அதை மாற்றினால் காவல் போய்விட்டது என்று பொருள்.

அறிகுறி: கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறது, ஆனால் மல்டிமீட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது

ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச். வீட்டில் இருப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டித்துவிடும். 230 வோல்ட்டை 0.03ஆல் வகுத்தால் 7,700 ஓம் சுமார். கம்பிக்கும் கீசரின் உலோக உடம்புக்கும் இடையே இருக்கும் காப்பு இந்த அளவுக்கு இறங்கினால் போதும். நல்ல காப்பு மெகா ஓம் கணக்கில் இருக்கும். ஒரு மெகா ஓமில் கசிவது 0.23 மில்லி ஆம்பியர்தான்.

மல்டிமீட்டர் தன் சின்ன பேட்டரியின் ஒரு சில வோல்ட்டை வைத்துத்தான் ஓம் அளக்கிறது. குளிர்ந்த கம்பியில் அது நல்ல எண்ணைக் காட்டும். 230 வோல்ட் ஏறி, கம்பி சூடாகி, உறையின் விரிசல் வழியே ஈரம் புகுந்த பிறகு நடப்பதை அது பார்த்ததே இல்லை. இதற்கு 500 வோல்ட் கொடுத்துக் காப்பின் மின்தடையை அளக்கும் மெக்கர் என்ற கருவி வேண்டும். ஆர்.சி.சி.பி.யை ஒதுக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

அறிகுறி: மீட்டர் காட்டும் ஓமும் கணக்கில் வரும் ஓமும் ஒத்துப்போகவில்லை

சாதனத்தைப் பொறுத்தது. இஸ்திரிப் பெட்டி, கீசர், ராடு ஆகியவற்றில் இருப்பது நிக்ரோம் வகைக் கம்பி. குளிர்ந்திருந்தாலும் பழுத்திருந்தாலும் அதன் மின்தடை சில சதவீதமே மாறும். ஆகவே இவற்றில் இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் கோளாறு. மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்தது என்று உடனே முடிவுகட்டாமல், தெர்மோஸ்டாட்டையும் வெப்பத் துண்டிப்பானையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பல நேரம் கம்பி நன்றாகவே இருக்கும்.

பழைய குண்டு பல்பு வேறு சாதி. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைத்து, ஆறவிட்டு அளந்தால் 40 ஓம் அளவில்தான் காட்டும். அந்த நாற்பதை வைத்துக் கணக்குப் போட்டால் 1300 வாட் என்று வரும். பல்பும் மீட்டரும் தவறு செய்யவில்லை, டங்ஸ்டன் சூடானால் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது, அவ்வளவுதான். ஸ்விட்ச் போட்ட கணத்தில் அது உண்மையிலேயே ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பல்புகள் போடும்போதே போய்விடுவதற்கு இதுவே காரணம்.

மின்விசிறி, மோட்டார் போன்றவற்றில் சுருளின் ஓமை வைத்து வாட் கணக்கிடவே கூடாது. 75 வாட் மின்விசிறிக்குச் சூத்திரப்படி 705 ஓம் வர வேண்டும். சுருளை அளந்தால் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். மாறுதிசை மின்சாரத்தைச் சுருளின் தூண்டலும், சுழலும்போது உள்ளே பிறக்கும் எதிர் மின்னழுத்தமும் சேர்ந்து தடுக்கின்றன. மீட்டருக்குத் தெரிவது செம்பின் தடை மட்டும். சுருளின் ஓம் இரண்டுக்குத்தான் உதவும்: அறுந்துவிட்டதா, அதேபோன்ற நல்ல சுருளைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க.

எல்.இ.டி. பல்பு, சார்ஜர், டி.வி. ஆகியவற்றுக்கு வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து ஓம் சொல்வதில் பயனே இல்லை. வோல்ட் குறைந்தால் பல சார்ஜர்கள் ஆம்பியரைக் கூட்டிக்கொண்டு அதே வாட்டை இழுக்கும். ஓம் விதிக்கு அவை கட்டுப்பட்டவை அல்ல.

இன்னொன்று: ஓம் சிறிதாக இருக்கும்போது மீட்டரின் ஒயர்களே கணக்கைக் கெடுக்கும். இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3, 0.4 என்று ஏதாவது வரும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கூடுதலாக வருகிறது

அரை எச்.பி. தண்ணீர் மோட்டாரில் 230 வோல்ட், 4 ஆம்பியர். பெருக்கினால் 920. பட்டையிலோ 0.37 கிலோவாட் என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் போவதற்கு முன்பு இரண்டு விஷயம். 0.37 என்பது தண்டு வெளியே தரும் திறன்; உள்ளே வாங்குவது அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அடுத்து, மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. எனவே பெருக்கிய 920 என்பது வோல்ட் ஆம்பியர், வாட் அல்ல. திறன் காரணி (வோல்ட் ஆம்பியரில் உண்மையான வாட்டின் பங்கு) 0.65 என்றால் உண்மையான வாட் 600 அளவுதான்.

கிளாம்ப் மீட்டரால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு மின்மீட்டரால் முடியும். அதன் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பதும் அங்கேயே அச்சிட்டிருக்கும். 3200 என்றால் ஒரு மின்னலுக்கு 1125 ஜூல். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பத்து மின்னலுக்கு எத்தனை நொடி என்று கைப்பேசியில் பாருங்கள். 11,250ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட். பத்தொன்பது நொடி என்றால் 592 வாட். கட்டணமும் இந்த அளவுக்குத்தான். ஆனால் ஒயரின் வழியே ஓடுவது முழு 4 ஆம்பியர் என்பதால் ஒயரை வாட் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் ஆம்பியர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கீசரிலும் இதைச் செய்து பார்க்கலாம்: பத்து மின்னலுக்கு 5.6 நொடி வந்தால் 2000 வாட் சரியாக இருக்கிறது. மல்டிமீட்டரே இல்லாதவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

அறிகுறி: மீட்டர் சுழியம் காட்டுகிறது, அல்லது நம்ப முடியாத எண் காட்டுகிறது

கிளாம்ப் மீட்டரின் தாடைக்குள் முழுக் கேபிளையும் விட்டிருப்பீர்கள். போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சுழியம்தான் வரும். ஒரு ஒயர் மட்டும் உள்ளே இருக்க வேண்டும். சிறிய ஓட்டம் என்றால் அந்த ஒயரைத் தாடையில் பத்துச் சுற்றுச் சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுக்கலாம்.

அணைத்த ஸ்விட்சில் 70 வோல்ட் காட்டினால், பக்கத்து ஒயரிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பொய் வோல்ட்டாக இருக்கலாம். பல டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். ஒரு துளி ஓட்டமே அதற்குப் போதும். எலெக்ட்ரீஷியன் ஒரு டெஸ்ட் லேம்ப்பை இணைத்துப் பார்த்தால் அந்த எழுபது காணாமல் போகும். போகாமல் விளக்கு மினுங்கினால் அது உண்மை.

மில்லி ஆம்பியரை ஆம்பியராக எடுத்துப் பெருக்கினால் ஆயிரம் மடங்கு பிசகும். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையில் விட்டபடியே சாக்கெட்டில் வோல்ட் பார்க்கப் போனால் பிசகுவது கணக்கோடு நிற்காது; அந்தத் துளை ஏறத்தாழ நேர் ஷார்ட். ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்துவிட்டு முனையை வையுங்கள்.

அறிகுறி: கீசரைப் போட்டால் வேறு அறையில் விளக்கு பளிச்சென்று எரிகிறது

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் இது நடந்தால் அளந்துகொண்டு நிற்காதீர்கள், மெயினை அணையுங்கள். நியூட்ரல், அதாவது மூன்று ஃபேஸுக்கும் பொதுவாக ஓட்டம் திரும்பும் ஒயர், கழன்றிருக்கிறது. ஒரு ஃபேஸில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியும் (53 ஓம்) இன்னொரு ஃபேஸில் இருக்கும் 60 வாட் குண்டு பல்பும் (882 ஓம்) நியூட்ரல் இல்லாமல் வரிசையில் மாட்டிக்கொண்டு 400 வோல்ட்டைப் பங்கு போட்டால், ஓட்டம் 0.43 ஆம்பியர், பெட்டிக்கு 23 வோல்ட், பல்புக்கு 377. பல்பு இருக்கும் ஃபேஸில் டி.வி.யும் இருந்தால் அதுவும் போகும்.

அறிகுறி: இன்வெர்ட்டர் பேட்டரி புதிது, ஆனாலும் சுமை ஏறினால் ‘லோ பேட்டரி’ என்று கத்துகிறது

12 வோல்ட்டில் எல்லாமே பெரிதாகிவிடும். 600 வாட் சுமைக்கு, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து பேட்டரி 700 வாட் தர வேண்டும். அது 58 ஆம்பியர். டெர்மினலில் வெள்ளை பூத்து 0.02 ஓம் ஏறியிருந்தாலே 1.2 வோல்ட் அங்கேயே தொலையும், 67 வாட் சூடாகும். பேட்டரியில் 12.2 இருக்கும், இன்வெர்ட்டருக்கு 11தான் தெரியும்.

0.02 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்க்க முடியாது, அதன் ஒயரே அதைவிட இருபது மடங்கு. வோல்ட்டை அளந்து ஓமைப் பெறுங்கள். சுமை ஓடும்போது டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் காம்பிலும் மறு முனையை அதில் மாட்டியிருக்கும் கேபிள் லக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டை ஒட்டி வந்தால் சுமையை நிறுத்தி, இன்வெர்ட்டரை அணைத்து, நெகட்டிவ்வை முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த சோடா உப்பால் கழுவி, கம்பி பிரஷால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லைன் தடவுங்கள். பிறகு அதே இரண்டு இடத்தில் மறுபடி அளவு எடுங்கள். இணைப்பு சரியாகி, காம்பிலேயே நேராக அளந்தும் சுமை ஏறிய சில நிமிடங்களில் 10.8க்குக் கீழே போனால், முதலில் முழுதாக சார்ஜ் ஏற்றி ஒருமுறை பாருங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு பேட்டரியின் உள்ளே. உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியதுதான்.